நோயாளியின் கட்டிலும் சூரிய ஒளியும்

திண்டுக்கல்லில் வெயிலுக்குப் பஞ்சமா? சித்திரை மாதத்தில் மலைக்கோட்டைப் பாறையில் வெறுங்கால் வைக்க முடியாது. அத்தகைய ஊரில் வெயில் கிடைக்காமல் ஒரு குறை உண்டாகிறது என்றால் கேட்பவர் சிரிப்பார். ஆயினும் உண்மை அதுதான். பக்கவாதத்தால் படுத்துவிட்டவர்கள், புற்றுநோயாளிகள், இடுப்பு ஒடிந்த பாட்டிமார் என்று எத்தனையோ பேர் வீட்டு உள்ளறையில் மாதக்கணக்காய்க் கிடக்கிறார்கள். வேளை தவறாமல் மருந்தும் கஞ்சியும் கொடுக்கிறோம். முதல் வெள்ளிக்கிழமை பங்குத்தந்தை நற்கருணை கொண்டு வருகிறார். வெயில் மட்டும் அந்த அறைக்குள் வருவதில்லை. அதனால் அவர்கள் உடலில் வைட்டமின் 'டி' குறைந்துபோகிறது.

மற்ற வைட்டமின்களில் பெரும்பாலானவற்றை நாம் உணவிலிருந்தே பெறுகிறோம். 'டி'யையோ நம் தோலே செய்துகொள்கிறது. தோலிலுள்ள ஒரு கொழுப்புப் பொருளின் மீது சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டதும் அது மாறத் தொடங்குகிறது. பின்னர் கல்லீரலும் சிறுநீரகமும் அதைப் பக்குவப்படுத்துகின்றன. உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து குடலிலிருந்து இரத்தத்தில் சேர இது தேவை. பூட்டுக்குப் பேர்போன ஊரார் நாம். ஆகையால் இதைச் சாவி என்று சொன்னால் எளிதில் விளங்கும். சாவி இல்லையேல், பாலும் கேழ்வரகுக் கூழும் எவ்வளவு கொடுத்தாலும் அவற்றிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதி வீணாகும். உடல் வேறு வழியின்றி எலும்பில் உள்ளதை எடுத்துச் செலவழிக்கும்.

முதல் உலகப் போருக்குப்பின் வியன்னா நகரில் பசியால் வாடிய குழந்தைகளின் எலும்புகள் வளைந்து போயின. 1919-ஆம் ஆண்டில் ஹாரியட் சிக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, பெண்கள் பலர் அடங்கிய குழுவுடன் அங்கே சென்றார். மீன் எண்ணெயாலும் சூரிய ஒளியாலும் அந்நோய் குணமாகும் என்பதை அவர்கள் மருத்துவமனையிலேயே காட்டினார்கள். மாணவியர் நினைவில் வைக்கவேண்டிய பெயர் இது.

வளைந்த கால் கண்ணுக்குத் தெரியும். முதியவர்களின் குறை அப்படித் தெரிவதில்லை. இடுப்பிலும் தொடையிலும் ஓயாத வலி, கையை ஊன்றாமல் கட்டிலைவிட்டு எழ முடியாமை, நடையில் தள்ளாட்டம் ஆகியவற்றைப் பார்த்து, "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுகிறார்கள். மெலிந்த எலும்பு முறிகிறது. வலிப்பு நோய்க்கான சில மாத்திரைகளை நெடுநாள் உட்கொள்பவர்களுக்கும் இக்குறை எளிதில் வரும். முதிய தோல், இளந்தோல் செய்வதில் பாதியளவு வைட்டமினைக்கூடச் செய்வதில்லை.

சன்னலோரம் கட்டிலைப் போட்டால் போதாதா? கண்ணாடி அடைத்த சன்னல் என்றால் போதாது. அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலை இளவெயில் நல்லது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. மனத்துக்கு அது இதந்தான். ஆனால் சாய்ந்து வரும் ஒளியில் இக்கதிர் மிகக் குறைவு. திருப்பதியில் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையே இந்த மாற்றம் நன்கு நிகழ்வதாகக் கண்டார்கள். இதற்குக் கடிகாரம்கூட வேண்டாம். வெளியே நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் அது பயன்படும் வெயில்.

நோயாளியின் கைகால்களில் வெயில் படட்டும். தலையையும் முகத்தையும் துணியால் மறைக்கலாம். கருத்த தோலுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் வேண்டும். ஆனால் பங்குனி முதல் ஆனி வரை நம் ஊர் உச்சிவெயிலில் படுக்கை நோயாளியைக் கிடத்துவது கொடுமை. மயக்கமும் வெப்பத்தாக்கமும் வந்துவிடும். அப்பருவத்தில் மாத்திரைதான் தக்க வழி என்பது நம் கருத்து.

அந்த மாத்திரையை நாமே கடையில் வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 600 அலகு, எழுபது வயதைக் கடந்தவருக்கு 800 அலகு. கடையில் விற்கும் ஒரு மாத்திரையிலோ 60,000 அலகு இருக்கிறது! வாரம் ஒருமுறை என்று மருத்துவர் எழுதியதைத் தினந்தோறும் கொடுத்தால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறி, வாந்தியும் மனக்குழப்பமும் உண்டாகிச் சிறுநீரகமும் கெடும். சிறுநீரக நோயாளிகளுக்கு இன்னும் கவனம் தேவை.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் படுக்கை நோயாளிகளின் வீடுகளுக்கே வருகிறார்கள். அவர்கள் வரும்போது வலியையும் தள்ளாட்டத்தையும் மறைக்காமல் சொல்லி, இரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேட்கலாம். மரியாயின் சேனையினருடன் நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும் மாணவியர், செபம் முடிந்ததும் வீட்டாருக்குக் கைகொடுத்துக் கட்டிலையோ நாற்காலியையோ முற்றத்துக்கு நகர்த்தலாம்.

இன்னொருவரையும் நாம் மறந்துவிடுகிறோம். மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளும், தாயைப் பார்த்துக்கொள்ளும் மகளும் அதே நான்கு சுவருக்குள் ஆண்டுக்கணக்காய் இருக்கிறார்கள். முற்றத்தில் பாட்டிக்கு அருகே இன்னொரு நாற்காலியும் போடவேண்டும்.