ஏழு கிளாவர்... அந்த ராஜா யார் கையில்?

தென்னேரி பக்கம் எந்தத் திண்ணையில் சீட்டாட்டம் நடந்தாலும், தோற்றவர் வாயிலிருந்து ஒரு வசனம் தவறாமல் வரும்: "கார்டே விழலைப்பா, நான் என்ன பண்ணட்டும்?"

பிரிட்ஜ் போட்டியில் இந்தச் சாக்கு செல்லாது. உங்கள் அணியில் இரண்டு ஜோடி. ஒரு மேஜையில் உங்களுக்கு வந்த அதே 13 சீட்டு, அடுத்த அறையில் எதிரணி ஜோடிக்கும் வரும். அதே சீட்டை வைத்துக்கொண்டு யார் அதிகம் சாதித்தார்கள் என்பதுதான் கணக்கு. நம்மூர் 'துருப்பு' ஆட்டம் தெரிந்தவர்களுக்குப் பாதி பிரிட்ஜ் தெரிந்த மாதிரிதான்.

மீதிப் பாதி, ஏலம். எத்தனை பிடி எடுப்போம், எது துருப்பு என்று முன்கூட்டியே சொல்லவேண்டும். ஆறு பிடிக்கு மேல் எத்தனை என்பதுதான் சொல்லும் எண். 'ஆறு ஸ்பேட்' என்றால் 12 பிடி, அது ஸ்லாம். 'ஏழு' என்றால் 13-ம் நமக்கே, கிராண்ட் ஸ்லாம். பார்ட்னரிடம் "உன்கிட்ட எத்தனை ஏஸ் இருக்கு?" என்று வாய்விட்டுக் கேட்க முடியாது. கண் ஜாடை காட்டினால் அது மோசடி. பெரிய போட்டிகளில் பார்ட்னர்கள் இருவருக்கும் நடுவே திரையே கட்டிவிடுவார்கள். 35 ஏலங்கள், பாஸ், டபுள், ரீடபுள். இந்த 38 சொல்லுக்குள்தான் முழு உரையாடலும்.

ஏன் ரிஸ்க் எடுக்கவேண்டும்? 'வல்னரபிள்' நிலையில் நான்கு ஸ்பேட் என்று சொல்லிவிட்டு 12 பிடி எடுத்தால் 680 புள்ளி. ஆறு என்று சொல்லி அதே 12-ஐ எடுத்தால் 1,430. ஆறு என்று சொல்லி 11-ல் நின்றுவிட்டால், நமக்கு ஒன்றுமில்லை, எதிராளிக்கு 100. பேராசைக்கும் துணிச்சலுக்கும் நடுவே ஒரே ஒரு பிடிதான்.

அந்த ஒரு பிடியில் உலகக் கோப்பையே கைமாறப் பார்த்தது. 1975, பெர்முடா தீவு. பெர்முடா பவுல் இறுதிப் போட்டி, இத்தாலிக்கும் அமெரிக்காவுக்கும். ஆட்டம் முடியும் தறுவாயில் இத்தாலியின் பெலடோனா - கரோஸ்ஸோ ஜோடி ஏலத்தில் ஏறி ஏறி 'ஏழு கிளாவர்' வரை போய்விட்டது. துருப்பின் ராஜாவோ அவர்களிடம் இல்லை! ஒரு பிடியைக்கூட விடக்கூடாத ஆட்டத்தில் இது கிட்டத்தட்ட தற்கொலை. அடுத்த அறையில் அமெரிக்காவின் ஹாமன் - வுல்ஃப் ஜோடி இதே சீட்டுகளோடு, துருப்பில்லாத ஆறோடு சமர்த்தாக நின்றிருந்தது. என்னைக் கேட்டால், சரியாக ஏலம் போனவர்கள் அவர்கள்தான்.

அந்த ராஜா அமெரிக்காவின் எடி கான்டர் கையில் இருந்தார். கூடத் துணைக்கு ஒரு பத்து மட்டும். வேறு கிளாவர் கிடையாது. ஏஸும் ராணியும் அவருக்கு அடுத்து ஆடும் கையில். கான்டர் பத்தைப் போட்டால் ராணி பிடிக்கும். அடுத்து ஏஸ் இறங்கும்போது ராஜா தானாக விழுந்தாகவேண்டும். ராஜாவை முதலில் போட்டாலோ ஏஸுக்கே இரை. ராஜா இடம் மாறி உட்கார்ந்திருந்தாலோ, கூட இன்னும் ஒரு சீட்டு இருந்திருந்தாலோ கதை வேறு. பெலடோனா 13 பிடியையும் எடுத்தார்.

இத்தாலிக்கு 12 மேட்ச் புள்ளி லாபம். ஒரு பிடி போயிருந்தால் அமெரிக்காவுக்கு 17. இத்தாலி கடைசியில் ஜெயித்தது 26 புள்ளி வித்தியாசத்தில். கூட்டிக் கழித்துப் பாருங்கள்: அந்த ராஜா காப்பாற்றப்பட்டிருந்தால் அமெரிக்காவுக்கு மூன்று புள்ளியில் கோப்பை!

அதே பெர்முடா பவுல் 2015-ல் நம் சென்னைக்கே வந்தது. போலந்து தூக்கிக்கொண்டு போனது. 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் பிரிட்ஜ் முதன்முறையாகச் சேர்ந்தபோது, பிரணாப் பர்தன் (60), ஷிப்நாத் சர்க்கார் (56) ஜோடி இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தது. "இந்த வயசுல சீட்டாட்டமா?" என்று வீட்டில் யாராவது கேட்டால் சொல்லிவையுங்கள்.

கான்டரும் சோர்ந்துவிடவில்லை. 1977, 1979 என்று இரண்டு முறை அதே கோப்பையைத் தொட்டார்.