சந்தேகத்தின் பலன் யாருக்கு?

குற்றம் சாட்டப்பட்டுக் கூண்டில் நிற்கும் மனிதனுக்குச் சந்தேகத்தின் பலனை அளிப்பது நீதிமன்றங்களின் உயரிய சம்பிரதாயம். ஆனால் நாம் சுவாசிக்கும் காற்றிலும் பருகும் நீரிலும் கலக்கும் ரசாயனப் பொருளுக்கும் அதே சலுகை உண்டா என்பதே, மாசையும் பருவநிலை மாற்றத்தையும் பற்றிய விவாதங்களின் ஆதாரமான கேள்வி.

குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான் குப்பிகளிலும் பயன்பட்டு வந்த குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள், பூமிக்கருகே சிதையாமல் உயரே சென்று, அங்கே புற ஊதாக் கதிர்களால் உடைந்து குளோரினை வெளிவிடும் என்றும், அக்குளோரின் நம்மைக் காக்கும் ஓசோன் படலத்தை அரிக்கும் என்றும் 1974இல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். உற்பத்தியாளர்களோ, இது வெறும் அனுமானம், பிரத்தியட்ச நிரூபணம் எங்கே என்றனர். மலைமேல் புகையைக் கண்டு நெருப்பை அறியும் அனுமானமும் ஒரு பிரமாணமே என்று நம் தர்க்க சாஸ்திரிகள் என்றோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அதிலும், அவ்வாயுக்களுள் சில ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் வானில் தங்குபவை ஆதலால், நிரூபணம் கிடைக்கும்வரை காத்திருப்பவர், அது கிடைத்த பின்னரும் தலைமுறைகள் பல அத்தாமதத்தின் விளைவை அனுபவிக்கும்படி விட்டுச் செல்கிறார்.

1985இல் அண்டார்டிகாவின் வானில் வசந்த காலந்தோறும் ஓசோன் பெரிதும் குறைந்து வருவதைப் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் வெளியிட்டனர். அதற்குக் காரணம் குளோரினே என்பதை நிலைநாட்டிய விமான ஆய்வு நடந்துகொண்டிருக்கையிலேயே, 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியால் நகரில் கூடிய நாடுகள் அவ்வாயுக்களின் உபயோகத்தைப் படிப்படியாகப் பாதியாகக் குறைக்க உடன்பட்டன. ஆதாரம் வலுத்ததும் 1990இல் லண்டனில் கூடி, முற்றிலும் கைவிடுவதென்று தீர்மானித்தன. ஓசோன் படலம் இன்று மெல்ல மீண்டு வருகிறது.

நம் வேலூர் வட்டாரத்துக்கு இந்த விவேகம் காலந்தாழ்ந்தே வந்தது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்ற ஆய்வு முடிவு முன்வைக்கப்பட்ட வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம், முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தின் அங்கமே என்றும், தன் செயல் தீங்கற்றது என்று நிரூபிக்கும் பாரம் தொழில் நடத்துவோரையே சாரும் என்றும் தீர்ப்பளித்தது.

ஐயம் எழுந்த மாத்திரத்தில் எல்லாத் தொழிலையும் நிறுத்திவிட வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. நேரக்கூடிய இரு பிழைகளுள் எது திருத்தத்தக்கது என்று சீர்தூக்கிப் பார்ப்பதே முன்னெச்சரிக்கை. அவசியமற்றதென்று பின்னர்த் தெரியவரும் கட்டுப்பாட்டை அடுத்த கூட்டத்திலேயே தளர்த்திவிடலாம். இன்று நாம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஒரு பகுதியோ பல நூற்றாண்டுகள் வானில் தங்கும், அதைத் திரும்ப அழைக்க எந்த மகாநாட்டுக்கும் அதிகாரமில்லை.