அச்சுக்கூடத்தில் பிறக்கும் கருவிகள்

அச்சு யந்திரத்தின் வலிமையை நம் தேசத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அதன் வாயை அடைப்பதற்கென்றே அந்நிய சர்க்கார் 1878-ம் வருஷத்திலும் 1910-ம் வருஷத்திலும் சட்டங்கள் செய்தது. கருத்தைப் பரப்பிய அந்த யந்திரம் இன்று வேறொரு தொழிலிலும் புகுந்திருக்கிறது. வளைந்து கொடுக்கும் மின்சார உணர்வுக் கருவிகளை, அதாவது 'சென்சார்'களை, துண்டுப் பிரசுரங்களைப் போல் அது மளமளவென்று அச்சடித்துத் தள்ளுகிறது. நம்மவர் இதை ஊன்றிக் கவனிப்பது அவசியம்.

ஸிலிக்கன் சில்லில் கருவி செய்வது பெருமுதலாளிகளுக்கே இயன்ற காரியம். தூசியற்ற கூடங்களும், மிகுந்த உஷ்ணமும், கோடிக்கணக்கில் விலைபெறும் யந்திரங்களும் அதற்கு வேண்டும். அச்சு முறையோ எளியது. வெள்ளித் தூளோ கரித்தூளோ கலந்த மை மின்சாரத்தைக் கடத்தும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலையின்மேல் அம்மையை வார்த்து ரப்பர் பட்டையால் வழித்தால், கீழேயுள்ள பிளாஸ்டிக் தாளில் வேண்டிய வடிவம் பதிகிறது. கலியாணப் பத்திரிகையும் பனியனில் படமும் அச்சிடும் ஸ்கிரீன் பிரிண்டிங் முறைதான் இது. தாளைச் சுருளாக ஓடவிட்டால், தினசரிப் பத்திரிகை அச்சாவது போலவே வேலை நிற்காமல் நடக்கும். மோட்டார் ஆசனத்தில் ஆள் அமர்ந்திருப்பதை அறியும் மெல்லிய தகடும் இவ்வாறு அச்சாவதுண்டு.

இம்முறையின் பயனுக்குக் கண்கூடான சான்று, நீரிழிவுக்காரர் கையிலுள்ள ரத்தப் பரிசோதனைப் பட்டை. அதன் மூல தத்துவத்தை 1962-ல் அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க் வெளியிட்டார். 1987-ல் அது பேனா வடிவக் கருவியாக வீடுகளுக்கு வந்தது. இவ்வகைப் பட்டைகள் பலவற்றில், கரி மையால் அச்சிட்ட தடத்தின்மேல், ஒருவகைப் பூசணத்திலிருந்து எடுத்த நொதி தடவப்பட்டிருக்கிறது. அது ரத்தத்திலுள்ள சர்க்கரையோடு வினைபுரிகையில் எழும் சிறு மின்னோட்டத்தைக் கருவி அளக்கிறது. ஒரே தாளில் நூற்றுக்கணக்கில் அச்சிட்டு நறுக்குவதாலேயே, ஒரு முறை உபயோகித்து எறியும் பொருளாக அது ஆயிற்று.

நம் தேசத்தில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டென்று, 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு கணக்கிட்டது. ஒரு கம்பெனியின் பட்டை மற்றொரு கம்பெனியின் கருவியில் பொருந்துவதில்லை. கருவியை ஒரு தடவை வாங்கியவன் பட்டைக்காக ஆயுள் முழுதும் கப்பம் கட்ட வேண்டியிருக்கிறது. கப்பம் கட்ட இயலாத ஏழை பரிசோதனையைக் கைவிட்டால், அவன் கண்ணுக்கும் காலுக்கும் அபாயம்.

இம்முறையில் குறையே இல்லையென்று நாம் சொல்லவில்லை. அடிக்கடி இழுத்து மடக்கினால் மைத்தடம் விரிசல் விடும். நொதியோ உஷ்ணத்தாலும் ஈரத்தாலும் கெடும். அதனாலேயே பட்டைகளை இறுக மூடிய குப்பியில் வைக்கிறார்கள். நம் சித்திரை வெயிலையும் ஐப்பசி ஈரத்தையும் தாங்கும் சரக்கை, நம்மையன்றி யார் கவலையெடுத்துச் செய்வார்கள்?

இத்தொழிலின் உயிர் யந்திரத்தில் இல்லை, மையில் இருக்கிறது. சிவகாசியில் கைதேர்ந்த அச்சுத் தொழிலாளிகள் இருக்கிறார்கள். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் அச்சுக்கலை கற்பிக்கப்படுகிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் வளையும் மின்னணுக் கருவிகளுக்கென்றே ஒரு தேசிய நிலையம் உண்டு. ரசாயன வல்லுநரையும் அச்சுக்கூடத்தாரையும் ஓரிடத்தில் கூட்டுவது சர்க்காரின் கடமை; கூட்டும்படி வற்புறுத்துவது பொதுஜனங்களின் கடமை. மைக்கு அந்நியரை எதிர்பார்த்து நிற்கும் வரையில், அச்சுக்கூடம் நம்முடையதாயினும் தொழில் நம்முடையதாகாது.