குப்பியில் பிறந்தவர்கள்

267 நாட்கள். நாளொன்றுக்கு 8 மீட்டர். மொத்தம் 2,136 மீட்டர். ஆல்டஸ் ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ நாவலில் ஒரு மனிதக் கரு பிறப்பதற்கு முன் கடக்கும் தூரம் இது. லண்டனில் 34 மாடிக் கட்டடம் ஒன்றில், மங்கிய சிவப்பு வெளிச்சத்தில், கருவைச் சுமந்த கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருக்கின்றன. தாய் என்று யாரும் இல்லை. இயற்கையில் கருத்தரிப்பு முதல் பிறப்பு வரை சுமார் 38 வாரம், அதாவது 266 நாள் ஆகும். இந்தக் கணக்கைக் கார்த் தொழிற்சாலையின் நகரும் பட்டை மீது ஏற்றிவைத்ததுதான் ஹக்ஸ்லி செய்த வேலை. அந்த உலகில் ஆண்டுகளையே ஹென்றி ஃபோர்டை வைத்துத்தான் எண்ணுகிறார்கள்.

நாவல் வெளியானது 1932இல். உடலுக்கு வெளியே கரு வளரும் என்ற எண்ணத்தை, 1923இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரையிலேயே ஜே.பி.எஸ். ஹால்டேன் முன்வைத்துவிட்டார். பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகிப் புவனேஸ்வரில் மறைந்த அதே ஹால்டேன்தான். ஹக்ஸ்லியின் தாத்தா டார்வினுக்காக வாதாடிய தாமஸ் ஹக்ஸ்லி. அண்ணன் ஜூலியன் உயிரியலாளர். ஆய்வக மொழி ஆல்டஸுக்கு வீட்டுப் பேச்சாகவே இருந்திருக்க வேண்டும்.

கெட்டுப்போன எதிர்காலத்தைக் காட்டும் இவ்வகைக் கதைகளை டிஸ்டோபியா என்கிறோம். வருங்காலத்தைச் சரியாகச் சொன்னதா என்பதை வைத்தே இவற்றுக்கு மதிப்பெண் போடுவது வழக்கம். அது தவறான அளவுகோல் என்று நினைக்கிறேன். டிஸ்டோபியா ஜோதிடம் அல்ல, பரிசோதனை. ஆய்வகத்தில் செய்வதைப் போலவே, சமூகத்தின் ஒரே ஒரு திருகை மட்டும் கடைசிவரை முறுக்கி, என்ன ஆகிறது என்று பார்க்கிறது.

ஹக்ஸ்லி முறுக்கிய திருகு, பிறப்புக்கு முந்தைய சூழல். கடைநிலை வேலைக்கு ஆள் வேண்டுமா? கருவுக்கு ஆக்சிஜனைக் குறைத்தால் போதும், மூளை வளர்ச்சி குன்றிவிடும். மனிதர்களைப் பிரிக்கும் ஆல்ஃபா முதல் எப்சிலான் வரையான ஐந்து படிநிலைகளையும் அவர் சாதி என்ற சொல்லாலேயே குறிக்கிறார். பிறப்பிலேயே ஒருவரின் வேலையையும் இடத்தையும் முடிவுசெய்துவிடும் ஏற்பாடு நமக்கு எதிர்காலக் கற்பனை இல்லை என்பதால், தமிழில் யோசித்தபடி இந்தப் பக்கங்களைப் படிக்கும்போது வலி கூடுகிறது. பெர்னார்ட் மார்க்ஸ் என்ற பாத்திரம் தன் வகுப்பாரைவிடக் குள்ளம். குப்பியில் இருந்தபோது யாரோ தவறுதலாக ஆல்கஹால் சேர்த்துவிட்டார்கள் என்று மற்றவர்கள் கிசுகிசுக்கிறார்கள். தாய் குடிக்கும் மது கருவின் வளர்ச்சியையும் மூளையையும் பாதிக்கும் நிலைக்கு அமெரிக்க மருத்துவர்கள் பெயர் சூட்டியது 1973இல்!

தூக்கத்தில் பாடம் புகட்டும் காட்சி இன்னும் நுட்பமானது. நைல் நதியின் நீளம் பற்றித் தூக்கத்தில் கேட்ட சிறுவன், காலையில் வாக்கியத்தை அப்படியே ஒப்பிக்கிறான். ஆப்பிரிக்காவில் மிக நீளமான நதி எது என்று கேட்டால் விழிக்கிறான். அறிவை இப்படிப் புகட்ட முடியாது, விருப்பு வெறுப்பைப் புகட்டலாம் என்பது நாவலின் முடிவு. 1950களில் மூளை மின்னலைகளை அளந்தபடி நடந்த சோதனைகளும், ஆழ்ந்து தூங்குபவர் புதிய தகவல்களைக் கற்பதில்லை என்றே காட்டின.

ஆனால் ஒரு திருகை மட்டும் முறுக்கினால் மற்றவை இருந்த இடத்திலேயே உறைந்துவிடுகின்றன. இவ்வகை நாவல்களின் பெருங்குறை இதுதான். 600 ஆண்டுக்குப் பிந்தைய அந்த லண்டனில் கருக்களைப் பற்றிய தகவல்கள் 88 கன மீட்டர் அட்டைகளில் கிடக்கின்றன. கணினி என்ற எண்ணமே எட்டிப்பார்க்கவில்லை. அதே 1932இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தார். சில வாரங்களில் அங்கேயே காக்கிராஃப்டும் வால்டனும் புரோட்டான்களை மோதவிட்டு லித்தியத்தின் அணுக்கருவைப் பிளந்தார்கள். லண்டனிலிருந்து ரயிலில் போய்வரக்கூடிய தூரம். நாவலில் அணு ஆற்றலின் நிழல்கூட இல்லை. 1946 பதிப்பின் முன்னுரையில் ஹக்ஸ்லியே இதைக் குறையாக ஒப்புக்கொண்டார்.

இன்னொரு குறை, மனிதர்கள் வாதங்களாகிவிடுவது. இறுதிப் பகுதியில் உலகக் கட்டுப்பாட்டாளர் மாண்டும் வெளியிலிருந்து வந்த ஜானும் நீண்ட தர்க்கத்தில் இறங்க, கதை நின்றுவிடுகிறது. ஆர்வெல்லின் ‘1984’இலும் தடைசெய்யப்பட்ட நூல் ஒன்றின் அத்தியாயங்கள் பக்கம் பக்கமாக வந்து இதே இடரைத் தருகின்றன. சுஜாதா இதில் தப்பித்தார். ‘என் இனிய இயந்திரா’வில் சர்வாதிகாரத்தைவிட நம் நெஞ்சில் நிற்பது ஜீனோ என்ற இயந்திர நாய்தான்.

அதே முன்னுரையில் ஹக்ஸ்லி வேறொன்றுக்கும் வருந்தினார். ஜானுக்குத் தான் இரண்டே கதவுகளைத் திறந்துவைத்ததாகச் சொன்னார். ஒன்று பைத்தியக்கார நாகரிகம், மற்றது பழங்குடிக் கிராமத்து வாழ்வு. இரண்டும் ஒவ்வாத ஜான் தூக்கில் தொங்குகிறான். மூன்றாவது கதவை ஹக்ஸ்லி 1962இல்தான் எழுதினார். ‘ஐலண்ட்’ நாவலின் பாலா தீவில் அறிவியலும் அமைதியும் சேர்ந்து வாழ்கின்றன. நாவலாக அது பலவீனமானது, உபதேசம் அதிகம். ஆனாலும் அதன் மைனாக்களை என்னால் மறக்க முடியவில்லை. முந்தைய நாவலின் லண்டனில் தலையணைக்கடியில் திரும்பத் திரும்ப ஒலித்த குரல், குழந்தைகளைச் சிந்திக்கவிடாமல் செய்தது. பாலாவில் பழக்கப்பட்ட மைனாக்கள் மரத்துக்கு மரம் உட்கார்ந்து, இந்தக் கணத்தைக் கவனிக்கும்படி திரும்பத் திரும்பக் கூவுகின்றன. எண்ணெய்க்காக அண்டை நாட்டுப் படை தீவுக்குள் நுழையும் இரவிலும் அந்தக் குரல் கேட்கிறது.