வீட்டுக் கொல்லையில் ஒரு போறணை

பாண் என்ற சொல்லும் போறணை என்ற சொல்லும் போர்த்துக்கேயரிடமிருந்து நமக்கு வந்தவை. 2022ஆம் ஆண்டில் எரிவாயு கிட்டாமல் இலங்கையில் வெதுப்பகங்கள் பல மூடுண்டபோது, விறகுப் போறணையின் அருமை மீண்டும் உணரப்பட்டது. அத்தகையதொன்றைச் சிறிய அளவில் கொல்லையிலும் அமைக்கலாம்.

போறணையில் பாணை வேகவைப்பது தீயன்று. செங்கல் வாங்கிச் சேமித்த வெப்பமே. இடுப்பளவு கருங்கல் மேடையில் மணல் பரப்பிச் செங்கற்களை நெருக்கமாகப் பதிக்க வேண்டும். மேலே ஈரமணலைக் குவித்து, அதனையே அச்சாகக் கொண்டு கவிமாடம் எழுப்பலாம். கட்டு இறுகியபின் மணலை வாயில்வழியே அகற்றிவிடலாம். களிமண்ணும் மணலும் கலந்த சாந்தே ஏற்றது. வெறும் சீமெந்துச் சாந்து கடுஞ்சூட்டில் வெடித்துவிடும். வாயிலின் உயரம் மாடத்தின் உள்ளுயரத்தில் ஐந்தில் மூன்று பங்குக்குச் சற்று மேலிருத்தல் நலம். மிகுந்தால் வெப்பம் வெளியேறும். குறைந்தால் தீ மூச்சுத் திணறும்.

பண்டாரவளையில் ஐப்பசி மழையிலே துணியே காய்வதில்லை. களிமண் எங்ஙனம் காயும்? தென்மேற்குக் காற்று மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு வரும் ஆனி, ஆடியே தக்க காலம். ஊவாத் தேயிலைக்கு மணமூட்டுவதும் அக்காற்றே. பின்னர் ஒரு வாரம் சுள்ளித்தீ மட்டும் மூட்டுக. அவசரப்பட்டுப் பெருந்தீ இட்டால், உள்ளீரம் ஆவியாகி மாடத்தைப் பிளந்துவிடும்.

தீ வளர, மாடத்தின் உட்புறம் முதலில் கரியேறும். பின்பு கரி எரிந்து செங்கல் வெளுக்கும். அதுவே பதம். இத்தாலியரின் பீட்சாவுக்குத் தணலை ஓரமாக ஒதுக்கினாற் போதும். பாணுக்கோ, தணலை வெளியே வாரி, ஈரச்சாக்கினால் தரையைத் துடைத்து, சூடு சற்றுத் தணிந்தபின் மாவை இட்டு வாயிலை அடைத்துவிட வேண்டும்.