யாழ்ப்பாணத்தில் பட்ட வெட்கம்

1902இல் யாழ்ப்பாணம் போனபோது வேதநாயகம் சாமுவேல் அசரியாவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளைக்காரர், ஒய்.எம்.சி.ஏ. செயலாளர். இளைஞர்களுக்கு உற்சாகமூட்டப் போனவர் வெட்கத்தோடு திரும்பினார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் கைக்காசைப் போட்டு, கடல் தாண்டித் தொண்டிக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலித் திருச்சபையோ வெளிநாட்டு மிஷன்களின் நிழலிலேயே இருந்தது.

1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. பணம், ஆள், நிர்வாகம் எல்லாம் இந்தியருடையவை. தேர்ந்த களம், தெலுங்கு பேசும் நிஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கல். கூட்டம் போட்டுப் பேசிவிட்டு ஊரிலேயே இருந்துவிடுவது எளிது. அசரியா 1909இல் செயலாளர் பதவியை விட்டு, தானே அங்கே போனார், தெலுங்கு கற்றார். 1912இல் இந்தியர்களில் முதல் ஆங்கிலிகன் பேராயரானதும் அந்தத் தோர்ணக்கல்லுக்குத்தான்.