மனத்தை அளக்கும் 'புழு'!
டெலிவிஷனில் நெளியும் ஒரு கோடு, உங்கள் எண்ணத்தையே மாற்றிவிடும்!

திருத்தணி எந்த ராஜ்யத்துக்குச் சொந்தம்? ஒரு காலத்தில் இது பெரிய தகராறு!

1953-ல் ஆந்திரா தனி ராஜ்யம் ஆனது. சித்தூர் ஜில்லா அதோடு போயிற்று. அந்த ஜில்லாவில் இருந்த திருத்தணியும் போயிற்று. அதை மீட்க ம.பொ.சிவஞானம் கிளர்ச்சி நடத்தினார். கடைசியில் படாஸ்கர் என்பவர் நடுவராக வந்தார். யார் உரக்கக் கோஷம் போட்டார்கள் என்று அவர் பார்க்கவில்லை. எந்தக் கிராமத்தில் எந்த மொழிக்காரர்கள் அதிகம் என்று கணக்குப் பார்த்தார். 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது.

மொழியை எண்ணியாயிற்று. மனத்தை எண்ண முடியுமா?

அதே 1960, செப்டம்பர் 26-ந் தேதி. அமெரிக்காவில் சிக்காகோ நகரம். ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்ட கென்னடியும் நிக்சனும் டெலிவிஷனில் நேருக்கு நேர் வாதாடினார்கள். ஏறக்குறைய 7 கோடிப் பேர் பார்த்தார்கள். நிக்சன் அந்த மாதம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர். முகம் வாடியிருந்தது. கென்னடியோ பளிச்சென்று இருந்தார்.

ஜெயித்தது யார்? படம் பார்த்தவர்கள் கென்னடி என்றார்களாம். ரேடியோவில் கேட்டவர்கள் நிக்சன் என்றார்களாம். இந்தக் கதை உலகமெல்லாம் பரவியிருக்கிறது. ஆனால், கதைக்கு ஆதாரமான விசாரணையை நம்பலாமா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

வாதம் முடிந்த பிறகு கேட்டால் இந்த வம்புதான். பேசும்போதே அளந்துவிட்டால்?

பச்சை, சிவப்பு!

அதற்கும் கருவி உண்டு. 1930-களின் கடைசியில் லாசர்ஸ்பெல்ட், ஸ்டான்டன் என்ற இருவர் ரேடியோ நிகழ்ச்சிகளுக்காக அதைச் செய்தார்கள். கேட்கிறவர் கையில் இரண்டு பொத்தான்கள். பிடித்தால் பச்சையை அமுக்க வேண்டும். பிடிக்காவிட்டால் சிவப்பு. இரண்டையும் தொடாவிட்டால், "ஏதோ பரவாயில்லை" என்று அர்த்தம். ஓடும் காகிதத்தில் பேனா கோடு போட்டுக்கொண்டே போகும்.

பிற்காலத்தில் பொத்தானுக்குப் பதில் குமிழ் வந்தது. ரேடியோவில் சத்தத்தைக் கூட்டுவதுபோல அதைத் திருகலாம். எல்லோருடைய குமிழையும் கம்ப்யூட்டர் சேர்த்துச் சராசரி எடுக்கும். திரையின் அடியில் ஒரு கோடு ஏறும், இறங்கும், நெளியும். ஆஸ்திரேலியாவில் 1993 தேர்தல் வாதத்தில் இது தலைகாட்டியது. ஜனங்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'புழு'!

நம் பட்டிமன்றத்தில் கைதட்டல் எழுகிறது. தட்டுகிறவர் யார் என்று திரும்பிப் பார்க்கலாம். முன்வரிசையில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தால் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். புழுவுக்குப் பின்னால் இருக்கும் ஆளோ தெரியவே தெரியாது. சில இடங்களில் அந்தக் கூட்டம் ஒரே பஸ்ஸில் அடங்கிவிடும்!

ஒன்று எட்டாயிற்று!

நியூஸிலாந்தில் பீட்டர் டன் என்பவரின் கட்சிக்குச் சட்டசபையில் ஒரே ஓர் இடம்தான். 2002 தேர்தலுக்கு முன் டெலிவிஷன் வாதம் நடந்தது. அவர் நிதானமாகப் பேசப் பேச, புழு மேலே ஏறிற்று. தேர்தலில் அவர் கட்சிக்கு 8 இடங்கள் கிடைத்தன! புழுதான் தூக்கிவிட்டது என்று பலர் சொன்னார்கள்.

2007-ல் ஆஸ்திரேலியாவில் பெரிய ரகளை. பிரதம மந்திரி ஜான் ஹோவர்டும் கெவின் ரட்டும் வாதாடினார்கள். புழு கூடாது என்று முன்பே பேச்சு. சானல் நைன் கேட்கவில்லை, புழுவைக் காட்டியது. பாதியில் அதற்கு வந்த படத்தைத் துண்டித்துவிட்டார்கள்!

பொய்ப் புழு

உண்மையான சோதனை பிரிட்டனில் நடந்தது. 2010-ல் அங்கே முதல்முறையாகக் கட்சித் தலைவர்கள் டெலிவிஷனில் வாதாடினார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் சுமார் 150 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்து அதைப் பார்க்கச் செய்தார்கள். வாதம் நிஜம். புழு மட்டும் பொய்! ஒரு கூட்டத்துக்குக் காட்டிய புழு பிரதம மந்திரி கார்டன் பிரவுனுக்குச் சாதகம். மற்றக் கூட்டத்துக்கு நிக் கிளெக்குக்குச் சாதகம்.

விளைவு என்ன? யார் ஜெயித்தது என்று கேட்டபோது, ஒவ்வொரு கூட்டமும் தன் புழு காட்டிய பக்கமே சாய்ந்தது. யார் பிரதம மந்திரி ஆகவேண்டும் என்ற விருப்பமும் அப்படியே ஆடிப்போயிற்று. அளக்க வந்த படியே அரிசியில் கல்லைக் கலந்த கதைதான். அளப்பதில் தவறில்லை. வாதம் முடியும் வரை கோட்டை மூடிவைத்தால் போதாதா?

நம் வீட்டில்?

திருத்தணியில் தமிழ் சானலும் தெரியும். தெலுங்கு சானலும் தெரியும். இரண்டு ராஜ்யத்து வாதத்தையும் ஒரே இரவில் பார்க்கலாம். ஆனால் இந்தியாவில் டெலிவிஷனை அளக்கும் 'பார்க்' மீட்டர் வேறு ரகம். பொறுக்கி எடுத்த வீடுகளில் அதை வைக்கிறார்கள். எந்த சானல் ஓடுகிறது, வீட்டில் யார் பார்க்கிறார்கள் என்பதைத்தான் அது குறிக்கும். தாத்தா "சபாஷ்!" என்றாலும், பாட்டி "சீ!" என்றாலும் மீட்டருக்கு ஒன்றே.

சட்டமும் ஒரு பூட்டுப் போட்டிருக்கிறது. ஓட்டுப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்திய 48 மணி நேரத்தில், வாக்காளர் மனத்தைத் திருப்பும் தேர்தல் விஷயம் எதையும் அந்தத் தொகுதியில் டெலிவிஷனில் காட்டக்கூடாது. மீறினால் 2 வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்!